கூரில்லாத வேல்

பெயரில் வேல் இருக்கிறது,
கூர்தான் எங்குமில்லை.
லெஸ்டர் வேல்.
ஆறிப்போன பிளேன்ரீயின் சூட்டில் ஒரு குரல்.

காலிமுகத்திடலைப் பார்த்த விடுதியில்
முப்பத்தொரு வருடமாகப் பியானோ வாசிக்கிறேன்,
மாலை ஆறிலிருந்து பத்தேகால் வரை.
கொரியாக்காரர் கேட்பது அவனை.
லாகோசிலிருந்து வந்த சீமெந்து வியாபாரி கேட்பதும் அவனை.
போலந்துத் தம்பதிக்கு ஐம்பதாவது கலியாண நாள்,
ஆங்கிலம் ஒரு சொல் வராது,
கை துடைக்கும் தாளில் பெயரெழுதி நீட்டுகிறார்கள்.
மூன்று எழுத்துப் பிழை.
ஆனாலும் அவன்தான்.

பொறாமை என்று சொல்லாதீர்கள்,
கணக்கும் பார்த்துவிட்டேன்.
எல்லாப் பாட்டுக்கும் நான்கே சுரக்கூட்டு.
மேலே ஏற வேண்டிய இடத்தில்
படிக்கட்டை ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டுத்
திரும்பி வந்துவிடுவான்.
காதலி போனாலும் தாய் செத்தாலும்
ஒரே இடத்தில்தான் மூச்செடுப்பான்.
அவன் பிறந்த ஊர்க்காரர் ஒருவர் ஒருமுறை விடுதிக்கு வந்தார்.
ஆவலோடு கேட்டேன்.
"யாரது?" என்றார்,
ஐஸ் போட வேண்டாம் என்றும் சொன்னார்.

இங்கோ
வெள்ளவத்தையில் பல்லுப் பிடுங்கும்போது அவன்.
வங்கிக்குப் போன் எடுத்தால், காத்திருக்கச் சொன்ன பிறகு அவன்.
பொரளை மலர்ச்சாலையில்
பிரேதத்தின் வலப்பக்க ஸ்பீக்கரில்,
கொட்டாஞ்சேனைக் கலியாணத்தில்
பைலாவுக்கு முன்னால், கேக் வெட்டுகிற அந்த நிமிடத்தில்.
த்ரீவீல்காரன் நளீம் அவன் படத்தை
கண்ணாடிக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறான்.
ஏன் என்றேன்.
பம்பலப்பிட்டிச் சந்தி சிவப்பில் யோசித்து
பச்சை விழுந்தபின் சொன்னான்:
"ஒண்டும் செய்ய மாட்டான் சேர்."

தொண்ணூற்றாறில், கொள்ளுப்பிட்டிச் சோதனைச் சாவடியில்,
இரவு பத்தரை.
அடையாள அட்டையில் டோர்ச் அடித்து
என் பெயரை மூன்று துண்டாய் உடைத்தான் சிப்பாய்:
பி. லேந். திரன்.
என்ன வேலை?
பியானோ.
வாசித்துக் காட்டு.
மண்மூட்டையின் மேல் விரல்களை வைத்தேன்.
எது வாசிப்பது என்று மூளை தேடவில்லை,
விரல் தானாகத் தேடிக்கொண்டது.
மூன்றாவது அசைவில் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது.
பாடினான்.
சுருதி சுத்தம். பத்தொன்பது வயதிருக்கும்.
துப்பாக்கிப் பட்டியில் தாளம் போட்டபடி
போ என்று தலையசைத்தான்.

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவன்
லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்த மன்னார்ப் பொடியன்,
கையில் பேப்பரில் சுற்றிய பாண்.
அவனிடமும் அதே கேள்விகள்.
என்னைத் திரும்பிப் பார்த்தான்,
பாட்டைக் கடன் கேட்கிறவன் மாதிரி.
ஜீப்பில் ஏற்றும்போதும் சிப்பாய்
முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தான்,
மூச்செடுக்கிற அதே இடத்தில் மூச்செடுத்து.
உண்மை நளீம்,
குரல் ஒன்றும் செய்யவில்லை.
நானும்தான்.
பெயர்கூடக் கேட்கவில்லை.

இனி அவனை வாசிப்பதில்லை என்று
அன்றிரவு கடலைப் பார்த்துச் சொன்னேன்.
அடுத்த நாள் ஆறு பத்துக்கு யாரோ கேட்டார்கள்.
ஆறு பதினொன்றுக்கு வாசித்தேன்.

உலகம் ஏன் அவனைத் தூக்கி வைத்திருக்கிறது,
எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.
அவன் குரலில் ஊர் இல்லை, சாதி இல்லை, கோபம் இல்லை.
குடியிருக்க வசதியான வெறும் வீடு என்று ஒருநாள் நினைப்பேன்.
அப்படியானால் யார் யாரெல்லாம் குடியிருக்கிறார்கள் பார் என்று
மறுநாள்.

போன கிழமை விடியற்புறம்
செல்மா என்னைத் தட்டி எழுப்பினாள்.
"நித்திரையில என்ர முதுகில வாசிக்கிறீங்கள்."
மன்னிப்புக் கேட்டுக் கையை எடுத்தேன்.
காற்றாடி நாலு சுற்றுச் சுற்றியது.
இருட்டுக்குள் அவள் கேட்டாள்:
"ஏன் அந்த இடத்தில நிப்பாட்டினீங்கள்?
ஏறப் போறீங்கள் எண்டெல்லோ நினைச்சன்."